தன்னைப் பற்றிச் சொல்லும் விளக்கு



நகராட்சிகளின் மின்பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். தொடக்க காலத்தில் என் மேசையின் இடப்பக்கம் ஒரு நீளப் பதிவேடு இருக்கும். தெருவிளக்குப் புகார்ப் பதிவேடு. தேதி, தெரு, கம்ப எண், புகார் சொன்னவர், சரிசெய்த நாள், வயர்மேன் கையொப்பம் என்று ஆறு பத்திகள். காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் புரட்டுவேன். ஊரில் எங்கே விளக்கு எரியவில்லை என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் வழியாகத் தெரிந்ததுதான். ஒரு வங்கி அதிகாரியின் வீட்டு வாசல் கம்பம் ஒரே ஆண்டில் பதினேழு முறை பதிவாகியிருந்தது. விடாமல் தொலைபேசியில் கேட்பார். கேட்டதில் தவறே இல்லை. அவர் வாசலில் விளக்கு எரிந்தது.

அதே ஊரில் ரயில் பாதைக்கு அப்பால் ஒரு தெரு. தறிக்கூலிக்குப் போகிறவர்களும் துப்புரவுப் பணியாளர்களும் குடியிருந்த தெரு. அந்தத் தெருவின் பெயர் பதிவேட்டில் ஓர் இடத்திலும் இல்லை. புகாரே இல்லாத தெரு என்று நானும் நிம்மதியாக இருந்தேன். ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு மாலையில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். பதினான்கு கம்பங்களில் இரண்டுதான் எரிந்தன. வாசலில் நின்ற ஓர் அம்மாவிடம் எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். “பொங்கலுக்கு முந்தியிலேர்ந்தே இப்படித்தாம்மா” என்றார். பத்து மாதம். ஆபீஸில் வந்து சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் என்னையே பார்த்தார். “அங்கெல்லாம் நாங்க வந்து சொல்லலாமாம்மா?” என்று கேட்டார்.

அந்தப் பதிவேடு ஊரின் இருட்டைக் காட்டவில்லை, குரல் உள்ளவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்பதைத்தான் காட்டியது என்று அன்றைக்குப் புரிந்தது. சீர்மிகு நகரம் என்றும் இணைப்புத் தெருவிளக்கு என்றும் இன்று பேசுகிறோமே, அதன் முழுப் பெறுமானத்தையும் நான் அந்த அம்மாவின் கேள்வியை வைத்தே அளக்கிறேன். புகார் சொல்லத் தெரியாதவருக்காகவும், சொல்லத் தயங்குகிறவருக்காகவும் அந்த விளக்கே புகார் சொல்லுமா? இன்று நான் பேச வந்தது இவ்வளவுதான். மற்றவை எல்லாம் இதைச் சுற்றியே வரும்.

எண்ணெய் விளக்குக் காலத்தில் விளக்கேற்றுகிறவர் மாலைதோறும் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கம்பத்துக்கும் போனார். திரி கருகியதா, கண்ணாடி உடைந்ததா, எண்ணெயை யாராவது எடுத்துவிட்டார்களா என்பதெல்லாம் அவருக்கு அன்றன்றே தெரிந்தது. பிறகு மின்சாரம் வந்தது. பெங்களூரில் 1905 ஆகஸ்ட் 5 அன்று தெருவில் மின்விளக்கு எரிந்தது. ஆசியாவிலேயே மிக முன்னதாக மின்சாரத் தெருவிளக்கைக் கண்ட ஊர்களில் அது ஒன்று. சிவசமுத்திரத்தில் காவிரி தந்த மின்சாரம் 1902 முதல் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதுவே நகரத் தெருவுக்கும் வந்தது. ஒரு சுவிட்சைப் போட்டால் தெரு முழுக்க வெளிச்சம். எவ்வளவு பெரிய வரம்! ஆனால் கம்பம் கம்பமாகப் போய்ப் பார்க்கும் ஆள் அன்றோடு இல்லாமல் போனார். அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு, ஒரு விளக்கு செத்துப்போனது என்பது யாராவது வந்து சொன்னால்தான் அலுவலகத்துக்குத் தெரியும் என்ற நிலை. அந்த விளக்கேற்றுபவரின் அறிவைத் திரும்பப் பெறும் முயற்சியாகத்தான் இணைப்பு விளக்கை நான் பார்க்கிறேன்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த அவையில் உள்ள பொறியியல் மாணவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தெருமுனையில் நிற்கும் இரும்புப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். நாங்கள் பில்லர் பாக்ஸ் என்போம். முன்பு அதற்குள் ஒரு டைமர், ஒரு கான்டாக்டர், ஒரு மீட்டர் இருக்கும். சென்னையில் சூரியன் மறையும் நேரம் நவம்பர் கடைசிக்கும் ஜூலை தொடக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரம் மாறுகிறது. அந்த டைமரை மாதாமாதம் யாராவது கையால் திருப்பி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வெயில் ஏறிய பிறகும் விளக்கு எரியும், அல்லது இருட்டி அரைமணி கழித்து எரியும். இன்று அதே பெட்டியில் ஒரு சிம் கார்டோடு கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து அன்றைய சூரிய மறைவை அதுவே கணக்கிடுகிறது. பெட்டியிலிருந்து வெளியேறும் மின்னோட்டத்தை அளந்து மைய அறைக்கு அனுப்புகிறது. நாற்பது விளக்குகள், ஒவ்வொன்றும் 70 வாட் என்றால் 2,800 வாட் இழுக்க வேண்டும். 2,520 வாட்தான் இழுக்கிறது என்றால் நான்கு விளக்குகள் எரியவில்லை என்று பொருள். எந்த நான்கு? பெட்டிக்குத் தெரியாது. வயர்மேன் தெருவில் நடந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொரு வகை உண்டு. ஒவ்வொரு விளக்கின் தலையிலும் ஒரு சிறு குமிழ் பொருத்துவார்கள். அது ரேடியோ அலையில் பக்கத்து விளக்கோடு பேசும். அது அடுத்ததோடு பேசும். இப்படிக் கைமாற்றிக் கைமாற்றிச் செய்தி மையத்துக்குப் போய்ச் சேரும். எந்தக் கம்பம், என்ன கோளாறு என்று தனித்தனியாகத் தெரியும். தனித்தனியாக ஒளியைக் குறைக்கவும் முடியும். செலவும் அதிகம்.

இந்தியா பெரும்பாலும் தேர்ந்தெடுத்தது முதல் வகையை. 2014 அக்டோபர் 12 அன்று ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தைத் தாக்கியது. கம்பங்களும் விளக்குகளும் சாய்ந்த அந்த நகரத்தில், மத்திய மின்துறைப் பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த இ.இ.எஸ்.எல். நிறுவனம் 90,000-க்கும் மேற்பட்ட தெருவிளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றியது. 2015 ஜனவரி 5 அன்று தேசியத் தெருவிளக்குத் திட்டம் தொடங்கியது. நகராட்சி முன்பணம் போட வேண்டாம், நிறுவனம் விளக்கை மாற்றித் தரும், மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையிலிருந்து ஏழாண்டுகளுக்குத் தவணை கட்டினால் போதும் என்பது ஏற்பாடு. நாடு முழுவதும் 1.3 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் அப்படி மாறின. உலகில் வேறெங்கும் அரசு ஒன்று இவ்வளவு விரைவாக இதைச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. இதை நான் பெருமையோடு சொல்கிறேன். பல உள்ளாட்சிகள் தவணையைத் தாமதித்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மின்சாரச் சிக்கனத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு 250 வாட் சோடியம் விளக்கு சோக்கோடு சேர்த்து ஏறத்தாழ 280 வாட் இழுக்கும். ஆண்டுக்கு 4,000 மணி நேரம் எரிந்தால் 1,120 யூனிட். அதற்குப் பதில் 120 வாட் எல்.இ.டி. போட்டால் 480 யூனிட். மிச்சம் 640. இப்போது அதே எல்.இ.டி.யை இணைப்பில் சேர்த்து, நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை பாதியாகக் குறைக்கிறோம் என்று வையுங்கள். ஆண்டுக்கு 1,825 மணி நேரம், 60 வாட். ஏறத்தாழ 110 யூனிட். பல்பை மாற்றியதில் கிடைத்த மிச்சத்தில் ஆறில் ஒரு பங்குதான் அதை இணைத்ததில் கிடைக்கிறது. விற்க வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கூட்டி, மொத்தத்தையும் இணைப்பின் சாதனையாகக் காட்டுவார்கள். கவுன்சிலர்கள் யாராவது இந்த அவையில் இருந்தால், டெண்டர் பேச்சு வரும்போது இந்த இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். இணைப்பின் பலன் மின்கட்டணச் சீட்டில் பெரிதாகத் தெரியாது. அது தருவது அறிவு. அந்த அறிவை என்ன செய்கிறோம் என்பதில்தான் போட்ட பணம் நிற்கிறது.

2015 ஜூன் 25 அன்று சீர்மிகு நகரங்கள் திட்டம் அறிவிக்கப்பட்டது. நூறு நகரங்கள், தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், தஞ்சாவூர், திருநெல்வேலி, தூத்துக்குடி, வேலூர், திருப்பூர், ஈரோடு என்று பதினொன்று. நூறு நகரங்களிலும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையம் அமைந்தது. சுவர் முழுக்கத் திரை, அதில் ஊரின் வரைபடம், பச்சைப் புள்ளி எரியும் விளக்கு, சிவப்புப் புள்ளி எரியாத விளக்கு. பார்க்கிறவருக்கு மனம் நிறையும். ஆனால் சிவப்புப் புள்ளி பச்சையாக வேண்டுமானால் ஒரு ஸ்கை லிஃப்ட் வண்டி வேண்டும், அதற்கு டீசல் வேண்டும், மழையில் நனைந்த கம்பத்தில் ஏற அனுபவம் உள்ள இரண்டு பேர் வேண்டும். என் பணிக்காலத்தில் ஓர் ஊரில் இரண்டு லிஃப்ட் வண்டிகளில் ஒன்று பதினொரு மாதம் பழுதாகிக் கிடந்தது. திரை மட்டும் ஒருநாளும் பழுதாகவில்லை.

இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2009-இலேயே எல்.இ.டி.க்கு மாறத் தொடங்கியது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் உள்ள நகரம் அது. தொலைவிலிருந்து விளக்குகளைக் கண்காணிப்பதிலும் முன்னோடி. அங்கே 2022 ஜூலையில் புதிய ஆறாவது தெருப் பாலம் திறந்தார்கள். அதன் விளக்கு அலங்காரத்தைப் பார்க்கவே கூட்டம் வந்தது. சில ஆண்டுகளுக்குள் அந்தப் பாலத்திலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளச் செம்புக் கம்பி திருடு போய், பாலம் இருண்டது. நகரமெங்கும் செம்புத் திருட்டால் விளக்குகள் அணைந்தன; சரிசெய்ய மக்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். விளக்கு தன் சாவைச் சொல்லிவிடும். பழுதுபார்க்கக் கைகள் போதாவிட்டால் அந்தச் செய்தி வெறும் செய்திதான்.

மென்பொருளே பழுதானால்? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வில்பிரஹாமில் மின்னச்சாக் உயர்நிலைப் பள்ளியில், மின்சாரத்தைச் சேமிப்பதற்காக விளக்குகளை எல்லாம் கணினியோடு இணைத்திருந்தார்கள். 2021 ஆகஸ்டில் மென்பொருள் செயலிழந்தது. ஏறத்தாழ 7,000 விளக்குகள் இரவும் பகலும், ஒன்றரை ஆண்டுக்கு மேல், அணைக்க வழியில்லாமல் எரிந்தன. அது கட்டடத்துக்குள் நடந்தது. பாடம் தெருவுக்கும் பொருந்தும். பில்லர் பாக்ஸில் கையால் போடும் சுவிட்ச் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும் என்று இளம் பொறியாளர்களிடம் நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். இன்றும் சொல்கிறேன்.

இன்னொரு குறை நுட்பமானது, பலர் கவனிப்பதில்லை. இணைப்பு விளக்கு அளப்பது மின்னோட்டத்தை. வெளிச்சத்தை அது அளப்பதில்லை. ஒரு தூங்குமூஞ்சி மரம் கிளை பரப்பி விளக்கை மூடிவிட்டால், திரையில் பச்சைப் புள்ளி; தரையில் கும்மிருட்டு. டெல்லியில் இதற்கு வேறு வழியில் விடை தேடினார்கள். 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் நிகழ்ந்த கொடுமைக்குப் பிறகு, நீதிபதி வர்மா குழு தெருக்களில் போதிய வெளிச்சம் வேண்டும் என்பதையும் பரிந்துரைத்தது. 2013-இல் கல்பனா விஸ்வநாத்தும் ஆஷிஷ் பாசுவும் சேஃப்டிபின் என்ற செயலியைத் தொடங்கினார்கள். டாக்சிகளின் முன்கண்ணாடியில் கைபேசியைப் பொருத்தி, இரவுத் தெருக்களைப் படமெடுத்து, எங்கே இருட்டு என்று குறித்தார்கள். 2016-இல் 7,438 இருட்டு இடங்கள். அந்தப் பட்டியல் அரசிடம் போனது. 2018-இல் மறுபடி பார்த்தபோது 2,780. இங்கே எந்த விளக்கும் பேசவில்லை. தெருவில் நடக்கிற ஒரு பெண்ணின் கண்ணுக்கு என்ன தெரியும் என்பதை அளந்தார்கள். அதனால்தான் பலன் கிடைத்தது என்று நான் நம்புகிறேன். இணைப்பு விளக்கும் இப்படி ஒரு கண்ணும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும்.

வெளிச்சம் கூடினால் குற்றம் குறையுமா என்று எங்கே போனாலும் கேட்பார்கள். நியூயார்க்கில் 2016-இல் அரசுக் குடியிருப்புகளில் குலுக்கல் முறையில் சிலவற்றைத் தேர்ந்து, உயரமான விளக்குகளை நிறுத்தி ஆராய்ந்தார்கள். இரவில், வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் ஏறத்தாழ 36 விழுக்காடு குறைந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிப் பகுதிகளைப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. நள்ளிரவுக்குப் பின் அணைத்தோ குறைத்தோ வைத்த தெருக்களில் விபத்தும் குற்றமும் கூடியதற்குச் சான்று இல்லை என்றது. ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனிதர் நெருங்கி வாழும், அச்சம் மிகுந்த இடத்தில் வெளிச்சத்துக்கு வேலை இருக்கிறது. ஆளில்லாத அகலச் சாலையில் மூன்று மணிக்கு அதே வெளிச்சத்துக்கு வேலை இல்லை. இந்த இரண்டையும் பிரித்தறிந்து ஒளி தருவதுதான் இணைப்பு விளக்கால் முடிகிற காரியம்.

ஒளியைக் குறைப்பதற்கும் ஓர் அறம் உண்டு. சென்னை பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரை நடந்து பாருங்கள். ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. ஏறத்தாழ 45 நாளிலிருந்து 55 நாளில் குஞ்சுகள் வெளிவருகின்றன. எந்தப் பக்கத்து அடிவானம் வெளுப்பாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஊர்வது அவற்றின் இயல்பு. ஆதியிலிருந்து அது கடலின் பக்கமாகவே இருந்தது. இன்று தெருவிளக்கின் பக்கமாக இருக்கிறது. குஞ்சுகள் சாலையை நோக்கி ஊர்ந்து சாகின்றன. மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988 முதல் இரவிரவாக நடந்து முட்டைகளைக் காக்கிறார்கள். அந்தப் பருவத்தில் கடற்கரை விளக்குகளை இரவில் அணைக்க அவர்கள் கேட்டதால், மாநகராட்சி அணைத்தும் வந்திருக்கிறது. கடிதம் எழுதி, நினைவூட்டி, ஆளைப் பிடித்து அணைக்க வைக்க வேண்டிய இந்த வேலையை ஒரு நாட்காட்டியாக விளக்குக்குள்ளேயே எழுதி வைத்துவிடலாம். கடலைப் பார்த்த விளக்கு பருவம் முழுக்கப் பதினொரு மணிக்குத் தாழும். நூறடி உள்ளே, பேருந்து நிறுத்தத்து விளக்கு தாழாது. கேட்க எளிது, செய்யவும் எளிது. இது ஒன்றுக்காகவே அந்தக் கடற்கரை நெடுகிலும் தனித்தனிக் குமிழ் வைக்க வேண்டும் என்று வாதாடுவேன்.

அடுத்துச் சொல்லப்போவது எனக்குக் கவலை தருவது. அமெரிக்காவின் சான் டியேகோ நகரம் 2016 இறுதியில் இணைப்பு விளக்குத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. மின்சாரம் மிச்சம், போக்குவரத்துக் கணக்கு, வண்டி நிறுத்த இடம் என்றுதான் மக்களுக்குச் சொன்னார்கள். 3,000-க்கும் மேற்பட்ட கம்பங்களில் உணர்விகள் ஏறின. அவற்றில் கேமராவும் இருந்தது. 2018 ஆகஸ்டில் காவல்துறை அந்தப் படங்களை எடுக்கத் தொடங்கியது. தெருவில் வசித்தவர்களில் பலருக்குத் தங்கள் தலைக்கு மேல் கேமரா இருப்பதே அதற்குப் பிறகுதான் தெரிந்தது. 2020-இல் நிறவெறிக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள் மீதான விசாரணைக்கும் அந்தப் படங்கள் பயன்பட்டன. மக்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் மேயர் அவற்றை நிறுத்த உத்தரவிட்டார். ஆனால் விளக்குக்கும் கேமராவுக்கும் மின்னிணைப்பு ஒன்றே. ஒன்றை விட்டு ஒன்றை அணைக்க முடியவில்லை. கண்காணிப்புக் கருவிகளுக்கான சட்டம் 2022-இல் வந்தது. அடுத்த ஆண்டே, வண்டி எண் படிக்கும் வசதியோடு 500 கேமராக்களுக்கு நகரமன்றம் மறுபடி ஒப்புதல் தந்தது. ஹாங்காங்கில் நடந்தது இன்னும் கடுமை: 2019 ஆகஸ்டில் போராட்டக்காரர்கள் புது விளக்குக் கம்பத்தை ரம்பத்தால் அறுத்துச் சாய்த்தார்கள். அதில் முகம் அறியும் கருவி இல்லை என்று அரசு சொன்னதை நம்ப அவர்கள் தயாராக இல்லை.

ஓர் ஊரில் மக்கள் தெருவிளக்கை அறுத்துத் தள்ளுகிறார்கள் என்ற செய்தியைப் படித்த அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. விளக்கு வேண்டும் என்று மனுக் கொடுக்க வருகிறவர்களைத்தான் முப்பது ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். விளக்கு தன்னைப் பற்றிச் சொல்லலாம். தன் கீழ் நிற்பவரைப் பற்றிச் சொல்லக் கூடாது. கேமரா தேவைப்படும் இடம் இருக்கலாம். அதை வெளிப்படையாக, தனிக் கம்பத்தில், தனி மின்னிணைப்பில், மன்றத்தில் விவாதித்துத் தீர்மானம் போட்டு வையுங்கள். விளக்கின் பெயரைச் சொல்லிக் கொண்டுவராதீர்கள்.

நடைமுறையில் இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. தேசியத் திட்டத்தில் போட்ட ஏழாண்டு ஒப்பந்தங்கள் ஊருக்கு ஊர் முடிந்துகொண்டிருக்கின்றன. விளக்கும் பெட்டியும் உள்ளாட்சியின் பொறுப்புக்குத் திரும்பும். பெட்டிக்குள் இருக்கும் சிம் கார்டுக்கு இனிப் பணம் கட்டுவது யார்? கட்டாவிட்டால் விளக்கு தொடர்ந்து எரியும். பேசுவது மட்டும் நின்றுவிடும். யாரும் கவனிக்க மாட்டார்கள். மையத்துக் கணினியில் உள்ள பழைய தரவு யாருடையது, அடுத்த ஒப்பந்தக்காரரின் கருவி இந்தப் பெட்டிகளோடு பேசுமா என்பதையும் இப்போதே எழுதி வாங்க வேண்டும். வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒரே மொழியில் பேசுவதற்கென்றே டால்க் என்ற பொதுநெறி 2012 முதல் உருவாகி வந்திருக்கிறது. டெண்டரில் அதற்கு ஒரு வரி சேர்த்தால் போதும்.

அதோடு இன்னொன்றும் கேட்கிறேன். அந்தச் சிவப்புப் புள்ளிகளைக் கட்டுப்பாட்டு மையத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டாம். மாதம் ஒருமுறை, வார்டு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில், ரேஷன் கடைச் சுவரில், ஒரே ஒரு தாளாக அச்சடித்து ஒட்டலாம். கம்பத்தில் பெயின்டால் எழுதிய எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கம்ப எண், தெரு, எத்தனை இரவு எரியவில்லை, சரிசெய்த நாள் என்று நான்கு பத்திகள் போதும். என் பழைய பதிவேட்டில் இருந்த ‘புகார் சொன்னவர்’ என்ற பத்தி அதில் தேவைப்படாது.